சென்டர் பேரிங் ஏன் உடைகிறது? கிருஷ்ணகிரி லாரிக்காரர்களின் கேள்வி பதில்

லாரியின் கியர் பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங் (பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் கியர் இருக்கும் கூடு) வரைக்கும் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டை நடுவில் சேஸியோடு பிடித்துத் தொங்கவிடுவது சென்டர் பேரிங். உள்ளே ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு மேல் இரும்பு பிராக்கெட். கிரானைட், தக்காளி, மாம்பழம் என்று எந்த லோடு ஏற்றினாலும் நம் பக்கத்து வண்டிகளுக்கு ஏற்ற இறக்கம் இல்லாத ரோடு கிடையாது. அதனால் இந்தத் தாங்கி உடைவது பற்றிய கேள்வி நிறைய வருகிறது. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ராயக்கோட்டை, தக்காளி லோடு ஓட்டும் தம்பி: அண்ணே, லோடோடு வண்டியை எடுக்கும்போது சீட்டுக்குக் கீழே கடகடவென்று நடுங்குகிறது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறது. கிளட்ச் என்கிறார் ஒருவர், சென்டர் பேரிங் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

தம்பி, யாரையும் நம்ப வேண்டாம், கீழே போய்ப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, சென்டர் பேரிங் பக்கத்தில் ஷாஃப்டுக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மெதுவாக நெம்புங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் அமுங்கி, விட்டதும் தன் இடத்துக்கு வந்துவிடும். கெட்டது தொளதொளவென்று ஆடும். டார்ச் அடித்துப் பார்த்தால் இரும்பு வளையத்தை விட்டு ரப்பர் பிரிந்திருப்பது கண்ணிலேயே தெரியும். கிளட்ச் நடுக்கம் பெரும்பாலும் காலி வண்டியிலும் இருக்கும். ரப்பர் போன நடுக்கம் லோடிலும் ஏற்றத்திலும்தான் அதிகம்.

ரப்பர் ஊறிப்போய் பிசுபிசுவென்று இருந்தால் கியர் பாக்ஸ் பின் சீலைப் பாருங்கள். அங்கிருந்து கசியும் ஆயில்தான் காரணம். சீலை மாற்றாமல் புது பேரிங் போட்டால் அதுவும் அப்படியே ஊறும்.

சூளகிரி, டிப்பர் உரிமையாளர்: கிரானைட் லோடு அடிக்கிற வண்டி. சென்டர் பேரிங் பிராக்கெட் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உடைகிறது. வெல்டிங் வைத்துப் பார்த்தோம், கனமான பட்டை வைத்தும் பார்த்தோம். நிற்கவில்லை.

நிற்காதுங்க அண்ணே. பிராக்கெட் தானாக உடையவில்லை, எதுவோ அதை உடைக்கிறது. நீங்கள் கனம் ஏற்றினால் அடுத்து பலவீனமாக இருக்கும் பாகம் போகும். அது கியர் பாக்ஸின் பின் மூடியாக இருந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். லோடு தாங்கட்டும் என்று பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை ஏற்றினீர்களா? நம் பக்கத்து டிப்பர்களில் இது சர்வ சாதாரணம். பட்டை ஏற்றினால் சேஸி உயரும், ஹவுசிங் மூக்கின் சாய்வும் மாறும். கிராஸ் மூட்டு (ஷாஃப்ட் முனையில் சாய்வாகவும் சுற்ற விடும் சிலுவை வடிவ இணைப்பு) சாய்வாகச் சுற்றும்போது அதற்கு அடுத்த பக்கத்து ஷாஃப்ட் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். ஷாஃப்டின் ஒரு முனையில் உண்டாகும் இந்த ஏற்ற இறக்கத்தை இன்னொரு முனையின் கிராஸ் ஈடுகட்ட வேண்டும். அதற்கு இரண்டு முனையிலும் சாய்வு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. அது கெட்டால் ஈடாகாமல் மிஞ்சுகிற உதறலைப் பக்கத்தில் இருக்கிற சென்டர் பேரிங் வாங்கிக்கொள்கிறது.

அளப்பது கஷ்டமில்லை. செல்போனில் சாய்வு காட்டும் வசதியே போதும். கியர் பாக்ஸ் பின் ஃபிளாஞ்ச் (ஷாஃப்டைப் போல்ட் போட்டு மாட்டும் தட்டு), முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், ஹவுசிங் ஃபிளாஞ்ச் என்று ஒவ்வொன்றிலும் போனை ஒட்ட வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்; ஃபிளாஞ்ச் முகத்தில் வைத்தால் 90 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் குறியுங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசம்தான் அந்த மூட்டின் சாய்வு. பொதுவாக 3 டிகிரிக்குள் இருந்தால் கிராஸ் நீடித்து உழைக்கும். அதற்காக அரை டிகிரிக்கும் கீழே போகக் கூடாது. கிராஸின் பேரிங்கில் இருக்கும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் நகராமல் ஒரே இடத்தில் நின்று குழி விழுந்துவிடும். லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை அளங்கள்.

சாய்வு சரியாக இருந்தால் அடுத்து ஸ்பிளைனைப் பாருங்கள். பின் சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்குவது அந்தப் பல் வைத்த சறுக்கு மூட்டில்தான். கிரீஸ் காய்ந்து அது பிடித்துக்கொண்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாஃப்ட் முழுதும் சென்டர் பேரிங்கை முன்னும் பின்னும் இடிக்கும். குவாரிப் பாதையில் ஓடும் வண்டியில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கழற்றிய பிறகு கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

அப்புறம், பிராக்கெட் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்தில் வெடிப்பு உண்டா, ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிச் சிவந்த துரு வளையம் தெரிந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம்.

பாலக்கோடு, பட்டறையில் தொழில் கற்கும் தம்பி: சென்டர் பேரிங் மாற்றும்போது எங்கே தவறு நடக்கும்?

நல்ல கேள்வி தம்பி. கழற்றுவதற்கு முன்பே பாதித் தவறு நடந்துவிடும். ஷாஃப்ட் இறங்கியதும் கியரில் போட்டு நிறுத்திய வண்டியும் உருளும், அதனால் கட்டை இல்லாமல் அடியில் போகாதீர்கள். பிறகு ஒவ்வொரு ஃபிளாஞ்ச் ஜோடிக்கும், ஸ்பிளைன் இரண்டு பாதிக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரே கோடாகக் குறி போடுங்கள். மறுபடி பூட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும். ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி ஏறினால்கூட ஷாஃப்டின் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் நிற்காது. அப்போது மேலே சொன்ன ஈடுகட்டல் நடக்காது, புது பேரிங்கும் சீக்கிரம் போகும்.

பேரிங்கை ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் குழாய் வைத்து அழுத்துங்கள். வெளி வளையத்திலோ ரப்பரிலோ சுத்தியல் படக் கூடாது. பழையதில் தூசி மூடி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் வைக்க வேண்டும்.

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: பிராக்கெட் போல்ட்டைக் கையால் முடுக்கி மட்டும் வையுங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஷாஃப்ட் தன் இடத்தைத் தானே பிடித்து உட்கார்ந்த பிறகு, பிராக்கெட் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் இருந்து பார்த்துவிட்டு முழுதாக இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் பிறந்த நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும். லாக் நட்டு புதிது போடுங்கள். போல்ட் தலையில் 8.8, 10.9 என்று அச்சடித்திருக்கும், எது இருந்ததோ அதே தரம் போடுங்கள்.

காவேரிப்பட்டணம், சொந்த டெம்போ வைத்திருக்கும் சகோதரி: மாங்காய் சீசனுக்கு முன்னால் வண்டியைத் தயார் செய்யப் பார்க்கிறோம். மெக்கானிக் முழு ஷாஃப்டையும் மாற்றச் சொல்கிறார். அவ்வளவு வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லைம்மா. குழாய் வளைந்திருந்தால், நசுங்கியிருந்தால், அல்லது ஸ்பிளைன் பல் தேய்ந்து ஆடினால்தான் முழு ஷாஃப்ட். மற்றபடி பேரிங், கிராஸ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். குழாய் நேராக இருக்கிறதா என்று லேத்தில் சுற்றவிட்டு, டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. குழாயில் ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டுகளை அழுக்கு என்று நினைத்து யாரும் தட்டி எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை பேலன்சிங் எடைகள்.

தருமபுரி, பெங்களூரு–சேலம் லைன் டிரைவர்: தொப்பூர் கணவாய் இறங்கும்போது ஷாஃப்ட் அறுந்தால் என்ன செய்வது?

எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் இது. ஷாஃப்ட் அறுந்த நொடியில் இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பு போய்விடும். கியரைக் குறைத்தாலும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாலும் வண்டிக்குத் தெரியாது, அவை இன்ஜின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. கீழே டமார் என்ற சத்தம், ஆக்சிலேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் வெறுமனே கத்துவது, இரண்டும் சேர்ந்தால் ஷாஃப்ட்தான். கியரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். இடது ஓரம் பார்த்து, பிரேக்கை உறுதியாக மிதித்து முழுதாக நிறுத்துங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக் டேங்கில் இருக்கும் காற்று தீரும். பாதி அழுத்தியபடியே அடிவாரம் வரை போகலாம் என்று நினைத்தால் டிரம் சுட்டு பிரேக் பிடிக்காமல் போகும். தொங்கும் ஷாஃப்ட் அடித்து ஏர் குழாய் அறுந்தால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துப் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

ஷாஃப்டைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முன் முனை அறுந்து தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும், அந்த வளையம் அதைத் தடுக்கும். இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள். ஷாஃப்ட் முனகும் வண்டியைத் தருமபுரியைத் தாண்டி ஓட்டாதீர்கள்.

பர்கூர்: கிரீஸ் எவ்வளவு அடிக்க வேண்டும்?

கிராஸின் நான்கு கப்பிலும் (நான்கு முனையையும் மூடும் கிண்ணங்கள்) பழைய கிரீஸ் போய்ப் புதுசு எட்டிப்பார்க்கும் வரை. ஒரு கப்பில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கப் காய்கிறது. கப் ஓரத்தில் செந்தூள் தெரிந்தால் கிரீஸ் அடித்துப் பயனில்லை, கிராஸையே மாற்றுங்கள்.

ஓசூர்: புது பிஎஸ்-6 வண்டியில் பிராக்கெட் பக்கம் வெல்டிங் வைக்கலாமா?

சேஸியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கூடவே கூடாது, ஓட்டையும் போடாதீர்கள். வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். குறுக்குச் சட்டத்தில் வேறு வழியே இல்லை என்றால், பேட்டரியையும் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கேயோ மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளையில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும்.

ஊத்தங்கரை, இப்போது புதுச்சேரியில் பாய்மரப் படகு பராமரிப்பு வேலையில் இருப்பவர்: எங்கள் படகில் புரொப்பல்லர் ஷாஃப்டை அடியில் தாங்கும் வெண்கலக் கால் உடைந்துவிட்டது. லாரிக்குச் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்துமா?

பொருந்தும். காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்த்த காலத்தில் நான் பார்த்த உடைப்புகளுக்கும் காரணம் வேறு இடத்தில்தான் இருந்தது. புரொப்பல்லரில் கயிறோ வலையோ சுற்றியது, தரை தட்டியது, இன்ஜின் ரப்பர் மவுன்ட் அமுங்கி நேர்கோடு விலகியது, இப்படி. உடைந்த முகத்தைக் கழுவிப் பாருங்கள். வெண்கல நிறம் போய்ச் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் உப்புத் தண்ணீரில் துத்தநாகம் அரித்துப் போயிருக்கிறது. அதை ஒட்டவைத்துப் பயனில்லை, புதிதாக வார்த்துப் போட வேண்டும். மற்ற உலோகம் அரிக்காமல் இருக்க மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி கரைந்து போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

காலைப் பூட்டும்போது முதலில் ஷாஃப்டோடு நேராக்குங்கள், அதற்குப் பிறகுதான் இன்ஜினை ஷாஃப்டுக்கு நேராக்க வேண்டும். கரையில் தோராயமாக வைத்துக்கொண்டு, கடைசி அளவைப் படகு தண்ணீரில் மிதக்கும்போது எடுங்கள். கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் அடி கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுச் சுற்றிலும் பாருங்கள். 4 அங்குல ஃபிளாஞ்சுக்கு 4 தவ், அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அந்தக் காலுக்குள் இருக்கும் ரப்பர் பேரிங்குக்குக் கடல் தண்ணீரே மசகு. கரையில் இருக்கும்போது சுற்றிப் பார்க்கிறேன் என்று காய்ந்த நிலையில் ஓட்டாதீர்கள், கிரீஸும் வைக்காதீர்கள்.

மத்தூர்: பழுதான வண்டியைப் பின் சக்கரம் தரையில் ஓட இழுத்துப்போனால் ஷாஃப்டைக் கழற்ற வேண்டுமா?

கட்டாயம். சக்கரம் சுற்றினால் ஷாஃப்டும் கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும். இன்ஜின் ஓடாததால் உள்ளே ஆயிலை வாரி இறைக்கும் கியர்கள் சும்மா நிற்கும், கொஞ்ச தூரத்திலேயே கியர் பாக்ஸ் காய்ந்து பிடிக்கும். ஹவுசிங் பக்கம் கழற்றிவிட்டுக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவது வேண்டாம், பின் ஷாஃப்டை முழுதாக எடுத்து வண்டி மேலே போடுங்கள். கிராஸ் கப் நான்கையும் டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். கப் கழன்று ஊசி உருளைகள் ரோட்டில் கொட்டினால் அந்தக் கிராஸை மறுபடி பூட்ட முடியாது.