எச்சில் சோதனையில் மார்பகத்தின் வயது தெரியாது

கேள்வி: எனக்கு 47 வயது. என் அம்மாவுக்கு 66 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை எடுத்து இப்போது நலமாக இருக்கிறார். சென்ற மாதம் ஒரு ஆரோக்கிய மையத்தில் என் எச்சிலைச் சோதித்துவிட்டு, ‘உங்கள் செல்களின் வயது 54, மார்பகம் வேகமாக முதுமை அடைகிறது, புற்றுநோய் வரலாம்’ என்றார்கள். ஆறு மாதம் மாத்திரையும் ஹார்மோன் க்ரீமும் எடுத்தால் அந்த வயதைக் குறைக்கலாமாம். முன்பணமும் கட்டிவிட்டேன். தூக்கம் வரவில்லை. செல்லுக்கு வயதாவது உண்மையா? நான் என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த க்ரீமை எடுத்து ஓரமாக வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செல்லுக்கு வயதாவது உண்மை. மார்பகத்துக்குள் பால் நாளங்கள் மெல்லிய குழாய்களாக ஓடுகின்றன. குழாயின் சுவரில் இரண்டு வரிசைச் செல்கள் இருக்கும். உள் வரிசை பால் சுரக்கும். வெளி வரிசை சுருங்கி அந்தப் பாலைத் தள்ளிவிடும். வெளி வரிசைக்குக் காவல் வேலையும் உண்டு. உள்ளே ஒரு செல் தறிகெட்டு வளர ஆரம்பித்தால், அது குழாயைத் தாண்டாமல் வேலிபோல் நின்று தடுப்பது இந்த வரிசைதான். வயதாக ஆக வேலியில் ஆள் குறைகிறது. உள் வரிசைச் செல்களும் தாங்கள் யார் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, வெளி வரிசையின் குணங்களை எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் உள் வரிசையில்தான் தொடங்குகின்றன. அப்புறம், பருவமடைந்த நாள் முதல் மாதாமாதம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்தச் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. ஒவ்வொரு முறை டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போதும் ஒரு பிழை விழலாம். இத்தனை ஆண்டுப் பிழைகளும் சேர்ந்துகொண்டே வருகின்றன.

ஆனால் மார்பகத்தின் வயது உங்கள் பிறந்த தேதியோடு ஒட்டி நடப்பதில்லை. புற்றுநோய் ஆய்வாளர் மால்கம் பைக்கும் அவருடைய குழுவினரும் 1983-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மார்பகத் திசுவின் கடிகாரம் முதல் மாதவிடாயில் ஓடத் தொடங்குகிறது, முதல் பிரசவத்துக்குப் பின் மெதுவாகிறது, மாதவிடாய் நின்றபின் இன்னும் மெதுவாகிறது. மெதுவாகிறதே தவிர, நிற்பதில்லை. அமெரிக்கக் கணக்குப்படி, 30 வயதுப் பெண்களில் அடுத்த பத்தாண்டுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. 40 வயதில் அது சுமார் 65 பேரில் ஒருவர், 60 வயதில் ஏறத்தாழ 30 பேரில் ஒருவர். வயதோடு ஆபத்து ஏறுகிறது, சரி. ஆனால் அந்த 60 வயதிலும் முப்பது பேரில் இருபத்தொன்பது பேருக்கு அந்தப் பத்தாண்டில் நோய் வருவதில்லை. இந்த மீதிக் கணக்கை அந்த மையத்தில் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 54-க்கு வருவோம். டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளை வைத்துத் திசுவின் வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வத் என்ற ஆய்வாளர் 2013-இல் வெளியிட்டார். நல்ல அறிவியல்தான். ஆரோக்கியமான மார்பகத் திசு அதே பெண்ணின் மற்றத் திசுக்களைவிட இரண்டு மூன்று வயது மூத்ததாகத் தெரிந்ததும், புற்றுக்கட்டிக்குப் பக்கத்தில் உள்ள திசு சராசரியாகப் பன்னிரண்டு வயது மூத்ததாகத் தெரிந்ததும் அந்த ஆய்வில்தான். இதைப் பிடித்துக்கொண்டு வியாபாரம் நடக்கிறது. ஹோர்வத்தின் ஆய்வில் சோதித்தது மார்பகத் திசுவையே. உங்களிடம் எடுத்தது எச்சில். எச்சிலில் இருப்பவை வாயின் உட்சுவர்ச் செல்களும் வெள்ளை அணுக்களும். அவற்றின் வயதை வைத்து உங்கள் பால் நாளங்களின் வயதைச் சொல்ல முடியாது. எத்தனை வண்ண வரைபடம் போட்டுக் கொடுத்தாலும் முடியாது.

க்ரீம் விஷயம் இதைவிட மோசம். ‘இளமை திரும்பும்’ என்று விற்கும் ஹார்மோன்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகையும் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜனையும், புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கை ஹார்மோனான புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றை 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அம்மாவுக்கு நோய் வந்த ஒரு பெண்ணிடம், உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் ஒரு டப்பாவை நீட்டுகிறார்கள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மார்பகச் செல்லின் வயதைப் பின்னோக்கித் திருப்பும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அந்தப் பணம் போனதாக இருக்கட்டும், மீதியைக் கட்டாதீர்கள்.

இதே கூட்டம் அடுத்து வெப்பப் படம் எடுக்கச் சொல்லும். வலிக்காது, கதிர்வீச்சு இல்லை என்பார்கள். அது மார்பக எக்ஸ்-ரே படமான மேமோகிராமுக்கு மாற்று அல்ல. பிறகு சி.ஏ. 15-3 ரத்தப் பரிசோதனை. நோய் உள்ளவர்களின் சிகிச்சையைப் பின்தொடர உதவும் சோதனை அது. ஆரம்ப நிலைக் கட்டி இருக்கும்போதும் அளவு இயல்பாகவே வந்துவிடக்கூடும். ‘ரத்தம் நார்மல்’ என்று நம்பி மேமோகிராமைத் தள்ளிப்போட்டு, கட்டி பெரிதான பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆளை அனுப்பினால் கமிஷன் என்று ஒரு ஏற்பாடு இருக்கும் இடத்தில், உங்களுக்கு எது தேவை என்று யோசிக்க ஆள் இருக்காது.

மருத்துவர்களாகிய எங்கள் பக்கமும் குற்றம் இருக்கிறது. ‘அடர்த்தியான மார்பகம்’ (கொழுப்பு குறைவு, சுரப்பித் திசு அதிகம்) என்று மேமோகிராம் அறிக்கையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பொருள் என்ன, கூடுதலாக ஸ்கேன் வேண்டுமா என்று விளக்க இரண்டு நிமிடம் ஒதுக்குவதில்லை. அறுபதைத் தாண்டியவர் வந்தால் ‘இந்த வயதில் எதற்கம்மா’ என்று அனுப்பிவிடும் இடங்கள் இன்னும் உண்டு. ஆபத்து கூடும் வயதே அதுதான்! நாங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அந்த மையம் கடை விரித்திருக்கிறது.

அம்மாவுக்கு 66 வயதில் வந்ததைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். அம்மாவுக்கு வந்ததால் உங்கள் ஆபத்து சராசரியைவிடக் கொஞ்சம் கூடும். ஆனால் அவ்வளவு வயதுக்குப் பிறகு, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால், பரம்பரைப் பிழையாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்பா வழி பற்றி ஒரு வரி கூட இல்லை. மார்பகப் புற்றுநோய் என்றால் எல்லோரும் அம்மாவையும் சித்தியையும்தான் எண்ணுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ என்ற பரம்பரை மரபணுப் பிழை அப்பாவிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு வரும். அப்பாவுக்கு நோய் வராமலே அது அவர் வழியாக மகளுக்கு இறங்கும். அவருக்கு அக்கா தங்கை இல்லை என்றால் வெளியே தெரியவே தெரியாது. அத்தைகளில், அப்பாவைப் பெற்ற பாட்டியில், பெரியப்பா சித்தப்பா மகள்களில் யாருக்காவது 50-க்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றுநோய், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று இருந்தால் கதை மாறிவிடும். அந்தப் பிழையோடு பிறந்தவர்களின் மார்பகச் செல்களில் முதுமையின் மாற்றங்கள் இளமையிலேயே தென்படுகின்றன. அவர்களுக்குப் பரிசோதனையே வேறு, தொடங்கும் வயதும் வேறு. அதற்கு மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

அப்படி எதுவும் இல்லை என்றால் உங்களுக்குத் தேவை ஒரு மேமோகிராம். 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2024-இல் பரிந்துரைத்திருக்கிறது. நீங்கள் இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே எடுங்கள். ஆண்டுதோறும் வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் குடும்ப விவரத்தைப் பார்த்துச் சொல்வார். மது அருந்தாமல் இருப்பது, மாதவிடாய் நின்றபின் எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது, தினமும் உடற்பயிற்சி ஆகிய மூன்றுக்கும் ஆதாரம் இருக்கிறது. கட்டி, தோலில் குழிவு, காம்பில் ரத்தக் கசிவு, காம்பு புதிதாக உள்ளிழுத்தல், இவற்றில் ஒன்றைப் பார்த்தால் அடுத்த மேமோகிராம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

போகும்போது பழைய படங்கள் இருந்தால் அறிக்கையோடு படங்களையும் கொண்டுபோங்கள். அத்தையிடம் இன்றே பேசி, யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.