ஸ்பெக்ட்ரம் போர்டில் கழல மறுக்கும் இசட்80 சிப்

பழைய ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியின் போர்டிலிருந்து அதன் மூளையான இசட்80 சிப்பைக் கழற்றும்போது, 38 கால்கள் விட்டும் 11, 29 எண் கால்கள் மட்டும் அடம்பிடிக்கின்றன என்றால், அவற்றில் ஈயத்தை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் புதிய ஈயம் ஏற்றுங்கள். 60/40 (வெள்ளீயம்/காரீயம்) ஈயக் கம்பி, ஈயம் நன்றாகப் பரவ உதவும் பிளக்ஸ் கொஞ்சம் போதும். பளபளவென்று உருகி மறுபக்கமும் இளகிய பிறகே உறிஞ்சுங்கள்.

இது தற்செயல் அல்ல. இசட்80 சிப்பில் 11 ஐந்து வோல்ட் கால், 29 கிரவுண்ட். இவை தனித்தனியாகச் சேரும் செம்புப் பட்டைகள் அகலமானவை. நீங்கள் கொடுக்கும் சூட்டை அவை குடித்துவிடுகின்றன. 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறத்தான் செய்யும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறதா? மதுரை வெயிலில் கொடுமைதான், ஆனாலும் ஐந்து நிமிடம் அணைத்துவையுங்கள்.

ஆறியதும் காலை ட்வீசரால் அசைத்துப் பாருங்கள். துளைக்குள் 'டிக்' என்று ஆடினால் விட்டுவிட்டது. ஆடாவிட்டால் நெம்பாதீர்கள்; துளையின் உள்பூச்சு சிப்போடு பிய்ந்து வந்துவிடும்.

சிப் செத்தது உறுதி என்றால் இத்தனை பாடே வேண்டாம். கால்களை உடலோரமாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவிவிடலாம். இதைத் தயாரித்த ஸைலாக் நிறுவனம் 2024-இல் உற்பத்தியை நிறுத்தினாலும் பழைய இசட்80 தேடினால் அகப்படும். 1982 மாடல் போர்டு அவ்வளவு எளிதில் அகப்படாது. புதியதை நேரடியாகப் பற்றவைக்காமல், டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் சிப்பைச் செருகும் 40 கால் சாக்கெட் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள்.