அட்டையில் டிராகன் முத்திரை இல்லாத புத்தகத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுகிறோம். இணையத்தில் ஒரு சாகசக் கதையின் பிடிஎஃப் விலைக்கு இருக்கிறது. அட்டையில் ‘5இ-க்கு ஏற்றது’, அதாவது ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது, என்று மட்டும் போட்டிருக்கிறது. விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் பெயரோ முத்திரையோ இல்லை. இது திருட்டுப் பதிப்பா?

பதில்: அட்டையில் பெயர் இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலும் முறையான பதிப்பாகத்தான் இருக்கும். 2000-ல் இந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்பு வந்தபோது, விசார்ட்ஸ் நிறுவனமே ஓப்பன் கேம் லைசென்ஸ் என்ற உரிமத்தை வெளியிட்டது. அடிப்படை விதிகளை எஸ்ஆர்டி என்ற ஆவணமாகத் திறந்துவிட்டு, அதை வைத்து யார் வேண்டுமானாலும் புத்தகம் எழுதி விற்கலாம், ராயல்டி எதுவும் தர வேண்டாம் என்றது. மற்றவர்கள் கதை எழுத எழுதத் தங்கள் விதிப் புத்தகம் கூடுதலாக விற்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆனால் விளையாட்டின் பெயரையும் முத்திரையையும் அதில் சேர்க்கவில்லை. அதனால்தான் ‘5இ’ என்ற சுற்றுவழி.

உண்மையில் நேர்மாறான புத்தகத்தைப் பார்த்தால்தான் உஷாராக வேண்டும். கேள்விப்படாத ஒரு பதிப்பகம் டிராகன் முத்திரையைப் பெரிதாகப் போட்டு விற்றால் விசாரித்து வாங்குங்கள். முன்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ உரிமக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓப்பன் கேம் லைசென்ஸ் என்றால் அதன் முழு வாசகமும் அச்சாகி, 15-வது பிரிவில் எந்தெந்தப் படைப்புகளிலிருந்து எடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். எஸ்ஆர்டி இப்போது கிடைக்கும் இன்னொரு திறந்த உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் எஸ்ஆர்டியைக் குறிப்பிட்டு ஒரு நன்றி வரி இருக்கும். இதை ஒழுங்காகப் போடும் பதிப்பகம் மற்ற வேலையையும் ஒழுங்காகச் செய்யும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று: உங்கள் குழு ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஆடுகிறதா, திருத்திய 2024 விதிகளிலா? சாகசக் கதை என்றால் சமாளித்துவிடலாம். புதிய சப்கிளாஸ் (பாத்திரத்தின் வகைக்குள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பிரிவு) தரும் புத்தகம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய விதியில் கிளெரிக் (பூசாரி) பாத்திரத்துக்கு முதல் லெவலிலும் விசார்ட் (மந்திரவாதி) பாத்திரத்துக்கு இரண்டாவது லெவலிலும் சப்கிளாஸ் வரும். புதிய விதியில் எல்லோருக்கும் மூன்றாவது லெவலில்தான்.

கேள்வி: ஆடத் தொடங்கும் முன்பே விதிப் புத்தகம் வாங்கியாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். எஸ்ஆர்டி இலவசமாகவே கிடைக்கிறது. இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்ற வேறு விளையாட்டை ஆடுவதாக இருந்தால் அதன் விதிகள் முழுவதும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் இருக்கின்றன. நான்கு வாரம் ஆடிப் பாருங்கள், பிடித்தால் வாங்கலாம்.

கேள்வி: 2023-ல் அந்த லைசென்ஸையே ரத்து செய்யப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதற்கு முன் வாங்கிய சிறு பதிப்பகப் புத்தகங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவை செல்லாமல் போகுமா?

பதில்: போகாது. உரிமம் பதிப்பகத்துக்கும் விசார்ட்ஸுக்கும் இடையில் உள்ள ஏற்பாடு. காசு கொடுத்து வாங்கி ஆடும் உங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் பயம் நியாயமானதுதான்.

2023 ஜனவரி தொடக்கத்தில் புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால் கூடுதல் தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி, 50,000 டாலரைத் தாண்டினாலே கணக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதைவிடப் பெரிய அடி, பழைய உரிமம் இனி ‘அங்கீகரிக்கப்பட்ட’ பதிப்பு அல்ல என்ற வரி. பழைய உரிமத்தில் ‘நிரந்தரமானது’ என்று இருந்ததே தவிர, ‘திரும்பப் பெற முடியாதது’ என்று இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பித் தொழில் செய்தவர்களின் பிழைப்பு அந்த ஒரு சொல்லில் தொங்கியது. ஆடுபவர்கள் சும்மா இருக்கவில்லை. கருத்துக் கேட்பில் 15,000-க்கு மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமம் அப்படியே நீடிக்கும் என்றதோடு, எஸ்ஆர்டி 5.1-ஐக் கிரியேட்டிவ் காமன்ஸில் வெளியிட்டது. இதைத் திரும்பப் பெற முடியாது. 2025-ல் வந்த 5.2-ம் அதே உரிமத்தில்தான் இருக்கிறது. இதற்கிடையே பாத்ஃபைண்டரை வெளியிடும் பெய்சோ, யார் கையிலும் சிக்காத ஆர்க் என்ற தனி உரிமத்தை உருவாக்கிவிட்டது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. கடையின் செயலிக்குள் மட்டுமே திறக்கும் புத்தகம் முழுக்க உங்களுடையது அல்ல. 2024 ஆகஸ்டில் விசார்ட்ஸின் டி அண்ட் டி பியாண்ட் இணையதளம், கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரத் தாளில்) உள்ள பழைய மந்திரங்களுக்குப் பதில் புதியவற்றை வைக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. வாங்கியவர்கள் குரல் கொடுக்காவிட்டால் மாற்றியிருப்பார்கள். எனவே பிடிஎஃப் கிடைக்கும் இடத்தில் பிடிஎஃப் வாங்குங்கள், வாங்கிய அன்றே இறக்கி இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

கேள்வி: நானே எழுதிய சாகசக் கதையை விற்க நினைக்கிறேன். எந்த இணையக் கடையில் போடலாம், டிஎம்ஸ் கில்டிலா, டிரைவ்த்ரூஆர்பிஜியிலா?

பதில்: கதை விசார்ட்ஸுக்குச் சொந்தமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில் நடக்கிறது என்றால் டிஎம்ஸ் கில்ட்தான் வழி. அங்கே அந்த ஊர்ப் பெயர்களையும் பாத்திரங்களையும் பயன்படுத்தலாம். ஆனால் விற்பனையில் பாதிதான் உங்களுக்கு. அங்கே போட்டதை வேறு கடையில் விற்கவும் முடியாது.

உலகம் உங்கள் சொந்தக் கற்பனை என்றால் எஸ்ஆர்டியை வைத்து எழுதி, டிரைவ்த்ரூஆர்பிஜியில் உங்கள் பெயரில் போடுங்கள். பங்கும் பாதிக்கு மேல் வரும், நாளைக்குப் புத்தகமாக அச்சிடவும் தடையில்லை. அப்புறம், பெஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற சில அரக்கர்கள் எஸ்ஆர்டியின் அரக்கர் பட்டியலில் கிடையாது. கதையில் அவர்கள் வந்தால், விற்பனைக்கு வைக்கும் முன் மாற்றிவிடுங்கள்.