ரோலர் கோஸ்டரில் தொடங்காதீர்கள்

கேள்வி: புதிதாக விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் வாங்கினோம். ரோலர் கோஸ்டர் செயலியைப் போட்ட சில நிமிடங்களிலேயே குமட்டல் வந்துவிட்டது. எனக்குக் கிட்டப்பார்வை, மூக்குக்கண்ணாடியுடன் மாட்டலாமா? ஒன்பது வயது மகனும் கேட்கிறான், கொடுக்கலாமா?

பதில்: கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கோளாறு அநேகமாக அதில் இல்லை, நீங்கள் தொடங்கிய செயலியில் இருக்கிறது. பள்ளத்தில் பாய்வதாகக் கண் சொல்கிறது. நாற்காலியில் அசையாமல் இருப்பதாக உள்காதின் சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்த முரண்தான் வயிற்றைப் புரட்டுகிறது. மலைப்பாதைப் பேருந்தில் நடப்பது இதற்கு நேரெதிர்: காது வளைவுகளை உணரும், கண்ணோ முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, நீங்கள் அசைந்தால் மட்டுமே காட்சி அசையும் செயலிகளை முதலில் எடுங்கள். நின்ற இடத்திலேயே மேசைப் பந்து ஆடலாம், காற்றில் ஓவியம் தீட்டலாம், உடற்பயிற்சி செய்யலாம். நடமாடியே தீர வேண்டிய விளையாட்டு என்றால், வழுக்கிக்கொண்டு நகர்வதற்குப் பதிலாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று தாவும் டெலிபோர்ட் முறையையும், திரும்புவதற்குக் காட்சி படிப்படியாக வெட்டித் திரும்பும் ஸ்நாப் டர்ன் முறையையும் அமைப்புகளில் தேர்ந்தெடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், பிறகு ஹெட்செட்டைக் கையில் எடுத்தாலே குமட்டும். லேசாகத் தலைசுற்றியதுமே கழற்றிவிடுங்கள்.

ஹெட்செட்டின் இரு லென்ஸ்களுக்கு இடையிலான தூரம் உங்கள் கண்மணிகளின் இடைவெளிக்குப் பொருந்துகிறதா என்றும் சரிபாருங்கள். பெரியவர்களுக்குக் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மி.மீ. இருக்கும். உங்கள் அளவைக் கண்ணாடிக் கடையில் அளந்து சொல்வார்கள்.

திரை கண்ணருகே இருப்பதால் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி தேவையில்லை என்று தோன்றும். அப்படியில்லை. லென்ஸ்கள் அந்தக் காட்சியை ஓரிரு மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் கொண்டுபோய் வைக்கின்றன. எனவே கண்ணாடியுடனேயே மாட்டுங்கள். ஆனால் அது ஹெட்செட் லென்ஸில் உரசினால் கீறல் விழும். இடைவெளி தரும் வளையம் இருந்தால் பொருத்துங்கள். இன்னொன்று, ஜன்னலோர வெயிலில் கருவியை வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியே குவியும் சூரிய ஒளி திரையைப் பொசுக்கிவிடும்.

மகனுக்கு இப்போது வேண்டாம். பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கையே, குவெஸ்ட் ஹெட்செட்டுகளைத் தயாரிக்கும் மெட்டா நிறுவனம் 10 வயதிலிருந்துதான் அனுமதிக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 கருவிக்கு 12 வயது ஆக வேண்டும். சிறுவர்களின் கண்மணி இடைவெளி குறைவு, பல கருவிகளின் லென்ஸ்கள் அவ்வளவு நெருங்கி வருவதில்லை. நீங்கள் பார்ப்பதை டிவியில் காட்டும் வசதி பெரும்பாலான ஹெட்செட்டுகளில் உண்டு. இப்போதைக்கு அவன் அதில் பார்க்கட்டும்.