சொற்பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள்

மனப்பாடத்தை நிறுத்துங்கள். மகள் தினமும் புதுச்சொற்கள் படித்தும், சாதாரண தரப் (O/L) பரீட்சைக் கட்டுரையில் கருத்து குழம்பியே நிற்கிறது என்கிறீர்கள். நெருங்கிய பொருள் தரும் சொற்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததுதான் காரணம் போலத் தெரிகிறது.

நீங்கள் போட்டிருக்கும் கொழும்பு வெள்ளவத்தை மழைவெள்ளக் கட்டுரையையே பாருங்கள். வடிகான் அடைத்த பிரச்சினை, கடை பூட்டிய பிரச்சினை, நுளம்புப் பிரச்சினை என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். வடிகான் அடைப்பு காரணம். கடை பூட்டியது நட்டம். நுளம்பு பெருகினால் டெங்கு வரலாம். அது இன்னும் நடக்காத அபாயம். மூன்றையும் பிரித்து எழுதினாலே பந்திகள் தாமாகப் பிரியும், எதற்கு யார் என்ன செய்யவேண்டும் என்பதும் பிடிபடும்.

சோதிக்க ஒரு வழி: கொப்பியில் 'பிரச்சினை' வரும் இடமெல்லாம் வெட்டிவிட்டு, அந்தச் சொல் இல்லாமல் திரும்ப எழுதச் சொல்லுங்கள். பேனா எங்கே நிற்கிறதோ, அங்கே பிள்ளைக்கு விஷயமே விளங்கவில்லை. அப்போது அகராதியைக் கொடுக்காதீர்கள், வாயால் கதைக்க விடுங்கள்.

ஆனால் இதில் அற்புதம் எதிர்பார்க்கவேண்டாம், தனிச்சொல் இருந்தால் கொஞ்சம்தான் உதவும். ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் கருநீலத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. 2007இல் வந்த ஓர் ஆய்வில், அம்மொழி பேசுவோர், ஒரே பெயருக்குள் அடங்கும் இரண்டு நீலங்களைவிட வெவ்வேறு பெயருள்ள இரண்டு நீலங்களை வேகமாகப் பிரித்தறிந்தார்கள். சற்று வேகமாக, அவ்வளவுதான். ஆங்கிலம் பேசுவோருக்கும் வித்தியாசம் தெரியத்தான் செய்தது.

அப்புறம், ரியூஷனில் தந்த அலங்காரச் சொற்களை வீசச் சொல்லவில்லை. முன்னுரைக்கு உதவும்.