ஒன்பது பாடல் தயார்: ஆல்பமாக விடுவதா, ஒவ்வொன்றாக விடுவதா?

கேள்வி: நானே எழுதி இசையமைத்த 9 பாடல்கள் மாஸ்டரிங் (ஒலியின் இறுதி மெருகு) வரை முடிந்துவிட்டன. லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆல்பமாக வெளியிட ஆசை. 'இப்போது யார் ஆல்பம் கேட்கிறார்கள், மாதம் ஒரு சிங்கிள் (தனிப் பாடல்) விடு' என்கிறார்கள் நண்பர்கள். எதைச் செய்வது? பாடல்களை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கொஞ்சம் சிடியும் போடலாமா?

பதில்: ஆல்பத்தைக் கைவிடாதீர்கள். ஆனால் ஒன்பதையும் ஒரே நாளில் கொட்டிவிடவும் வேண்டாம். மூன்று பாடல்களை நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் முன்னால் விடுங்கள். அப்புறம் ஆல்பம் முழுதாக வரட்டும். லேபிள் இல்லாத ஒருவருக்கு இன்றைக்கு இதுதான் நியாயமான வழி என்று நினைக்கிறேன்.

சிடி காலத்தில் ஒரு ஆல்பம் கடை அலமாரியில் சில வாரங்கள்தான் முன்வரிசையில் இருக்கும். அதற்குள் விற்றால்தான் உண்டு. அதனால் மொத்தப் பலத்தையும் வெளியீட்டு நாளில் இறக்கினார்கள். 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை பாடல்களைத் தனித்தனியாக விற்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. ஸ்ட்ரீமிங்கில் விற்பனை என்பதே இல்லை. ஒவ்வொரு முறை கேட்பதும் தனி வருமானம். ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 வினாடி கேட்டால் ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் ஏறும். முதல் நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்பதுதான் இப்போது முக்கியம்.

2013 டிசம்பரில் அமெரிக்கப் பாடகி பியான்சே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு முழு ஆல்பத்தை ஐடியூன்ஸில் வெளியிட்டதை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. அது பலித்ததற்குக் காரணம், கோடிக்கணக்கானோர் ஏற்கெனவே காத்திருந்தது. புதியவருக்கு அப்படிக் காத்திருக்கும் கூட்டம் கிடையாது. அதைச் சேர்ப்பதுதான் அந்த மூன்று முன்னோட்டப் பாடல்களின் வேலை.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையின் எடிட்டர்களிடம் பாடலைப் பிளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரைக்கும் வசதி கலைஞர் கணக்கிலேயே உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாடலைத்தான் பரிந்துரைக்க முடியும். அதுவும் இன்னும் வெளிவராத பாடலாக இருக்க வேண்டும். ஒன்பதையும் ஒரே நாளில் விட்டால் ஒரே ஒரு வாய்ப்பு. நான்கு கட்டமாக விட்டால் நான்கு வாய்ப்பு. எடிட்டர்கள் எடுப்பார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பரிந்துரைத்துவிட்டால், உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலுக்கு அந்தப் பாடல் போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் கோப்பு சரிபார்ப்பில் சிக்கும் நாட்களும் உண்டு; ஆகவே நான்கு வாரம் முன்னதாகவே ஏற்றிவிடுங்கள். நாள், வெள்ளிக்கிழமை. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதிய இசை வெளியாகும் நாள் அதுதான். 'புதியவை' பட்டியல்களும் அதை ஒட்டியே புதுப்பிக்கப்படுகின்றன.

அதிகம் பேர் கோட்டை விடும் இடத்துக்கு இப்போது வருகிறேன். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாளக் குறியீடு உண்டு; எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்டது. முதல் சிங்கிளை ஏற்றும்போது உங்களிடம் குறியீடு இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைக் கொடுப்பார். அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டாவது வெளியீட்டில் புதுப் பாடலுக்குக் கீழே பழைய பாடலையும் சேர்க்கலாம். மூன்றாவதில் மூன்றும் இருக்கும். கடைசியில் ஒன்பதும் ஆல்பமாக வரும். ஒவ்வொரு முறையும் பழைய பாடலுக்கு அதே குறியீட்டைக் கையால் உள்ளிட வேண்டும். அதே ஒலிக்கோப்பு, அதே தலைப்பு, எழுத்துக்கூட்டல் உட்பட. அப்படிச் செய்தால் சிங்கிளுக்குச் சேர்ந்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை ஆல்பத்துக்குள்ளும் தெரியும். குறியீட்டுக்கான இடத்தைக் காலியாக விட்டால் புதுக் குறியீடு விழும், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். சிங்கிள்களை நீக்குவதாக இருந்தால், ஆல்பம் எல்லாத் தளங்களிலும் வந்து எண்ணிக்கை இணைந்ததைப் பார்த்த பிறகே நீக்குங்கள்.

நடுவில் மிக்ஸிங்கை, அதாவது குரலும் கருவிகளும் கலந்திருக்கும் விதத்தை, மாற்ற ஆசை வரும். மாற்றினால் அது வேறு ஒலிப்பதிவு, அதற்கு வேறு குறியீடு. அதனால் முதல் சிங்கிளுக்கு முன்பே ஒன்பதையும் சேர்த்துக் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். ஒரு பாடலின் முடிவு அடுத்ததற்குள் கலந்து ஓடும்படி ஆல்பத்தை அமைத்திருந்தால், அந்தப் பாடலை முன்னோட்டமாக எடுக்காதீர்கள். வெட்டிய இடம் காதுக்கு உடனே தெரியும். தனித்து நிற்கக்கூடிய மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அவை உங்கள் ஆகச் சிறந்த மூன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆல்பத்துக்காகக் காத்திருந்தவருக்கு உள்ளே வலுவான பாடல் ஒன்றாவது புதிதாகக் கிடைக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் விஷயத்தில், கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாடல்கள் என்ன ஆகும்? ஆண்டுச் சந்தா வாங்கும் சேவைகளில், சந்தா முடிந்தால் பாடல்கள் தளங்களிலிருந்து இறங்கிவிடலாம். ஒருமுறை கட்டணம் வாங்கும் சேவைகளில் அந்தப் பயம் குறைவு, பதிலுக்கு வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். நிறையப் பாடல்களை அடிக்கடி விடுபவருக்குச் சந்தா லாபம். இரண்டு வருடத்துக்கு ஒரு ஆல்பம் என்பவருக்குப் பங்கு முறையே நிம்மதி. எதுவானாலும் பதிப்புரிமையை எழுதித் தரச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். விநியோகத்துக்கு உரிமம் போதும், உரிமை தேவையில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான ராயல்டி மட்டுமே. பாடலை எழுதியவர், மெட்டமைத்தவர் என்ற முறையில் வரும் பணம் தனி வழி. அதற்குப் பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பாட்டில் கிட்டார் வாசித்த நண்பருக்குப் பங்கு உண்டா, இல்லையா என்பதையும் வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள். பணம் வர ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு கசப்பாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. '10,000 ஸ்ட்ரீம் உறுதி' என்று பணம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள். 2024 முதல் போலி ஸ்ட்ரீம்களுக்கு ஸ்பாட்டிஃபை, லேபிள்களிடமும் டிஸ்ட்ரிபியூட்டர்களிடமும் அபராதம் வசூலிக்கிறது. அது உங்கள் தலையில் விழும், ஆல்பமே நீக்கப்படலாம். அதே ஆண்டிலிருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாடலுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. பணம் இல்லாத சின்னக் கலைஞர்களுக்கு இது கொடுமையான விதி என்பதே என் கருத்து. ஆல்பத்தின் ஏழாவது, எட்டாவது பாடல்கள்தான் இதில் அடிபடும். அதனால் ஆல்பம் வந்த பிறகும் ஓய்ந்துவிடாமல், அந்தப் பாடல்களுக்கு ஒரு நேரலைப் பதிவோ வரிகள் ஓடும் வீடியோவோ செய்து மாதம் ஒன்றை முன்னிறுத்துங்கள்.

சிடி? நேரடி நிகழ்ச்சிகள் செய்பவராக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், சிறிய எண்ணிக்கையில். இணையத்தில் விற்க பேண்ட்கேம்ப் நல்ல இடம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், சிடி போன்ற பொருட்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள். பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி உங்களுக்கு. இரண்டாவது சிங்கிள் வந்ததும் அங்கே முன்பதிவைத் திறந்துவிடுங்கள். எத்தனை சிடி அடிப்பது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.