ஆபத்தில் சிக்கிய விமானி ‘மேடே’ என்று அழைப்பது ஏன்?

ஆபத்தில் சிக்கிய விமானி வானொலியில் ‘மேடே, மேடே, மேடே’ என்று மும்முறை அழைப்பதற்கும் மே மாதத்தின் முதல் நாளுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தொடர்பும் இல்லை; ஒலி ஒற்றுமை தற்செயலானது.

1920களின் தொடக்கத்தில் லண்டனின் குராய்டன் விமான நிலையத்தில் மூத்த வானொலி அலுவலராக இருந்த ஃபிரெடரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்டிடம், விமானிகளுக்கும் தரையில் இருப்போருக்கும் எளிதில் விளங்கும் ஓர் அபாயச் சொல்லைக் கண்டறியும் பொறுப்பு வந்தது. அங்கிருந்து புறப்பட்ட விமானங்களில் பெரும்பாலானவை பாரிசின் லெ பூர்ஜே நிலையத்துக்குச் சென்றுவந்ததால், ‘எனக்கு உதவுங்கள்’ எனப் பொருள்படும் ‘மெதே’ என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியை அவர் எடுத்துக்கொண்டார்.

ஏற்கெனவே எஸ்.ஓ.எஸ். என்ற அபாயக் குறி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று தோன்றலாம். மோர்ஸ் தந்தியில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று அது தெளிவாகக் கேட்கும். இரைச்சல் மிகுந்த வானொலிப் பேச்சிலோ ‘எஸ்’ என்பது ‘எஃப்’ போலக் காதில் விழுந்துவிடும். 1927ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலித்தந்தி மாநாடு ‘மேடே’யை ஏற்றுக்கொண்டது. உடனடி உயிராபத்து இல்லாத அவசரநிலைக்கு உரிய ‘பான்-பான்’ என்ற அழைப்பும், பழுதைக் குறிக்கும் ‘பான்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.